கரியாலூரிலிருந்து ஒரு நுழைவு

புதன்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் அருள்மொழி அந்த வரியைப் பார்த்தாள். கடவுச்சொல் தப்பி, வருகைப் பதிவுக்குள் நுழைய முடியாமல் போனவர்களின் பட்டியலில் ஒரே ஒரு வரி. நேரம் 2.47. இடம் கரியாலூர் மையம். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'வே' என்று மட்டும் இருந்தது.

கரியாலூர் மையம் ஐப்பசி மழையில் கூரை சரிந்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது.

கல்வராயன் மலை ஊர்களில் பிள்ளைகளுக்கு மாலைநேரப் பாட மையங்கள் நடத்தும் அறக்கட்டளை அது. அலுவலகம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில். கீழேயிருந்து யூரியா வாசமும் பூச்சிமருந்து நெடியும் படியேறி வந்து நாற்காலித் துணியில்கூட ஊறியிருக்கும். வடக்கனந்தலிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து போகும் அருள்மொழிதான் பத்து வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் வேலை எல்லாம். வருகைப் பதிவுக்கு ஒரு கடவுச்சொல், விடுப்புக்கு ஒன்று, பாடப் பதிவேட்டுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு மறந்துபோய் அவளையே போனில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் மூன்று வாரம் உட்கார்ந்து, அறுபத்து மூன்று பேரின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரே பொதுப் பட்டியலில், டைரக்டரியில் ஏற்றினாள். மலைக்காரர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெயரைத் தமிழிலேயே அடிக்கும்படி வைத்தாள். இனி வருகைப் பதிவின் இணையப் பக்கம் தானாக யாரையும் அடையாளம் வைத்துக்கொள்ளாது. ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால், 'இது அவர்தானா' என்று டைரக்டரியிடம் கேட்கும். டைரக்டரி ஆம் என்றால் அவர்தான். முகம் பார்ப்பதில்லை, குரல் கேட்பதில்லை.

அவள் அந்த வரியைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். புரட்டாசியில் அம்மா போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான். மரத்துப்போன காலில் செருப்பு மாட்டியதுபோல. நடக்கிறோம் என்று தெரியும், தரை தெரியாது.

வியாழக்கிழமை அதே நேரத்துக்கு ஐந்து வரிகள் இருந்தன. வேட். வேட்ட. வேடிபன். வேடியபன். கடைசியில், ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு, வேடியப்பன்.

வேடியப்பன் கரியாலூர் மையத்தில் பாடம் சொல்பவர். மையம் பூட்டியிருந்தாலும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் பத்து வருஷமாகத் தன் பெயரைத் தானே அடித்து வந்த மனிதர். இது பெயர் மறந்தவர் அடித்ததுபோல இல்லை. பெயர் என்றால் என்ன என்றே தெரியாத ஒன்று, இருட்டில் சுவரைத் தடவித் தடவி வாசலைக் கண்டுபிடித்ததுபோல இருந்தது. மேனேஜர் தமிழழகனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, எவனாவது பையன் பூட்டை நெம்பி உள்ளே போயிருப்பான், விடும்மா என்றார்.

வேடியப்பன் எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி இருசம்மாள். நாலு நாளாக அவர் வீட்டை விட்டு இறங்கவேயில்லை என்றாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார்.

"கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கறாருங்க. வேற யாரையோ கூப்புடறாங்கன்னு நெனச்சிக்கினு சும்மா குந்திக்கினு இருக்காரு."

வெள்ளிக்கிழமை மதியம் நுழைய முடியாதவர்களின் பட்டியல் காலியாக இருந்தது. அருள்மொழி வருகைப் பதிவைத் திறந்தாள். வேடியப்பன், கரியாலூர் மையம், 2.47, வருகை தந்துள்ளார். கடவுச்சொல் முதல் தடவையிலேயே சரியாக இருந்திருக்கிறது.

அவள் உடனே அந்தப் பெயரை டைரக்டரியில் முடக்கினாள். செய்து முடித்த பிறகு கை விரல்கள் சில்லென்று இருப்பதைக் கவனித்தாள். மனசில் ஒன்றும் இல்லை. கை மட்டும் பயந்திருந்தது.

திங்கட்கிழமை 2.47க்குப் புதிய வரி வந்தது.

அ.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது. அரு. பிறகு, அருள. பிறகு ஒன்றும் இல்லை. கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் தொப் தொப்பென்று கேட்டது. அவள் கடவுச்சொல்லை மாற்றினாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மாற்றினாள். அன்று மாலை ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவளைத் தெரிந்தவள் மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை தோளைத் தொட்ட பிறகுதான் தன்னைத்தான் என்று புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நானே போய் அந்த மையத்து இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு வருகிறேன் என்றாள். தமிழழகனுக்கும் கூரை வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. அலுவலக ஜீப்பை அவரே ஓட்டினார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவுகள் ஏற ஏற வெயில் வெளுத்து, மார்கழிப் பனி உச்சி வேளையிலும் மரங்களுக்கு நடுவே அழுக்குப் பஞ்சு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஈர மண்ணும் அழுகின இலையும் நனைந்த ஆட்டு ரோமமும் கலந்த ஒரு வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. பேச்சுவாக்கில் அவள் அந்த மையத்துக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டாள்.

"அத நாமதான் ஐப்பசியிலயே எறக்கிக்கினு வந்துட்டோமேம்மா. நீ அப்ப லீவுல இருந்த. நம்ம ஸ்டோர் ரூம்லதான் கெடக்குது" என்றார் தமிழழகன்.

அருள்மொழி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

முதலில் வேடியப்பன் வீட்டில் இறங்கினார்கள். அவர் வாசல் பக்கம் முதுகு காட்டி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தமிழழகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இருசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். அருள்மொழி அவர் எதிரே போய்க் குந்தினாள். அவர் முகத்தில் வருத்தமோ குழப்பமோ இல்லை. குடியிருந்தவர்கள் காலி செய்த வீட்டின் அறை மாதிரி சுத்தமாக இருந்தது.

"அது வந்து கேட்டுச்சி" என்றார் மெல்ல. "நீ யாருன்னு கேட்டுச்சி. சொன்னேன். எடுத்துக்கிச்சி."

மையம் ஊருக்குச் சற்று மேலே, சில்வர் ஓக் மரங்களுக்குள் இருந்தது. பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் எது ஆள் எது என்று தெரியவில்லை. தமிழழகன் ஜீப்பிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு கூரையை அளக்கப் பின்பக்கம் போனார். பூட்டில் துரு ஏறியிருந்தது. யாரும் நெம்பிய தடயம் இல்லை. சாவியை இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது.

உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி. சரிந்த ஓடுகள். தரையெங்கும் தூசி, அதில் ஒரு காலடிகூட இல்லை. கம்ப்யூட்டர் மேஜை இருந்த இடம் காலி. சுவரில் இணைய இணைப்புப் பெட்டி மட்டும் ஆணியில் தொங்கியது. மின்சார வயர் அறுந்து தரையில் கிடந்தது.

பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவள் தூசியில் நடந்து போனாள். பெட்டியைத் தொட்டாள். சூடாக இருந்தது, உடம்புச் சூடு. இணைப்பு வயரைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. விளக்கு அணைந்தது.

அமைதி. கூரை ஓட்டையில் சொட்டும் தண்ணீர். அவள் மூச்சு.

அப்புறம் இன்னொரு மூச்சு.

கையிலிருந்த போன் அதிர்ந்தது, வருகைப் பதிவின் அறிவிப்பு. 2.47. கரியாலூர் மையம். பெயர்க் கட்டத்தில் முழுசாக, பிழையில்லாமல் ஒரு பெயர். பக்கத்தில், அனுமதிக்கப்பட்டது. அவள் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். யாருடையது என்று தெரியவில்லை.

வெளியே ஓர் ஆண் குரல் கூப்பிட்டது.

"அருள்மொழி. முடிஞ்சிதாம்மா?"

யாரைக் கூப்பிடுகிறார் என்று யோசித்தாள். யாராவது பதில் சொன்னால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"முடிஞ்சிடிச்சி சார். தோ வந்துட்டேன்."

முதுகுக்குப் பின்னால். வெகு பக்கத்தில். அவளே தினமும் போனில் பேசும் அவளுடைய குரல்.

மூலையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அவள் உடுத்தியிருந்த அதே ஊதாப் புடவை. அதே பை தோளில். அவளை உரசாமல் கடந்து போனாள். தூசியில் தடம் விழவில்லை.

கத்த வேண்டும். தெரிகிறது. வாய் திறக்கவில்லை. திறந்தாலும் என்ன பெயர் சொல்லிக் கத்துவது.

அந்த மனிதர் வாசலுக்கு வந்தார். உள்ளே ஒருமுறை பார்த்தார். அவள் நின்ற இடத்தையும் பார்த்தார். சுவரைப் பார்ப்பது போல. கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்தது.

அவள் ஜன்னல் கம்பியருகே போய் நின்றாள். பனிக்குள் ஜீப் உறுமியது. முன் சீட்டில் அந்தப் பெண் ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டியைத் திருப்பும்போது அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பி, அவர் முகத்தையே கண் கொட்டாமல் பார்த்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. புது எழுத்தைப் பழகும் பிள்ளைபோல, அடங்கி, நிதானமாக.

த.

தமி.

தமிழ.