ஏழாம் மாடியில் மூச்சு விடுவது யார்?

செல்போன் அலறியது.

எடுத்தான் எவேலியோ. காவலாளி ஃபெர்மின்.

"சார்... ஏழாவது மாடி ஜன்னலெல்லாம் தொறந்திருக்கு."

"நீ ஏன்யா தொறந்தே?"

"நானா? அது பூட்டின மாடி. சாவி உங்ககிட்டல்ல இருக்கு?"

எவேலியோ சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மெடெயின் நகரத்தில் அவன் எழுப்பிய அந்த அலுவலகக் கட்டடத்தில் ஏ.சி. கிடையாது. ஆள் விடும் மூச்சைச் சுவரிலுள்ள கருவி மோப்பம் பிடிக்கும். ஜன்னல் தானாகத் திறக்கும். ஆள் போனால் மூடிக்கொள்ளும். கரண்ட் பில் பாதிக்குப் பாதி.

மூளை, பார்ட்னர் நூபியாவுடையது. அதற்கு நாளை பரிசு வாங்கப்போவது இவன். அவள் மாட்ரிட்டுக்குப் போய்விட்டதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

போகவில்லை. ஏழாம் மாடியில்தான் இருந்தாள். புதுச்சுவருக்குப் பின்னால்... கழுத்து நெரிபட்டு.

செத்தவள் எப்படி மூச்சு விடுவாள்?

ஞாயிறு மதியம். எவேலியோ பூட்டைத் திறந்து உள்ளே போனான். யாருமில்லை. திறந்த ஜன்னல்களில் மலைக்காற்று. சுவரடியில் அவன் வைத்த டம்ளர்...

காலி!

நேற்று மதியம்தான் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றியிருந்தான். சுவரைப் பார்த்துக் கைகூப்பினான்.

"குடிச்சிட்டியா நூபியா? பரிசை உன் பேர்லயே வாங்கறேன். கொன்னது தப்புதான்டி... போயிடு."

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

தூண் மறைவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் விலங்கு.

"இன்ஸ்பெக்டர் ரோசியோ. காலைலேர்ந்து உள்பக்கமா பூட்டிக்கிட்டு இங்க உக்காந்து மூச்சு விட்டுட்டிருக்கேன். காவலாளியைப் போன் பண்ணச் சொன்னதும் நான்தான். பில்டிங் பிரமாதம் சார்."

"எ... எப்படி உள்ளே?"

"நூபியாவோட தங்கச்சி புகார் குடுத்தாங்க. கோர்ட் உத்தரவோட பூட்டைத் தொறந்து, நேத்து சாயங்காலமே தேடினேன். டம்ளர் தண்ணி மட்டும்தான் இருந்துச்சு."

"தண்ணி வெச்சா குத்தமா?"

"செத்தவங்க தாகத்தோட வருவாங்கன்னு நம்ம வீடுகள்ல வெப்போம். எங்கம்மாவுக்கு நானும் வெச்சேன். மாட்ரிட் போனவங்களுக்கு யாரு சார் வெப்பாங்க?"

எவேலியோ தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பயம் போய் அழுகை வந்தது.

"அப்போ... தண்ணியையும் நீங்கதான் குடிச்சீங்களா?"

விலங்கு மாட்டப் போன கை அப்படியே நின்றது. ரோசியோ டம்ளரைப் பார்த்தாள்.

"சாட்சிப் பொருளை யாராவது குடிப்பாங்களா? காலைல நான் வரும்போதே காலி. நீங்கதான் கொட்டிட்டீங்கன்னு நெனச்சேன்."

இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

"எந்திரிங்க சார், சீக்கிரம் போயிடலாம். அவங்களுக்கு மறுபடி தாகம் எடுத்தா, குடுக்க நம்மகிட்ட தண்ணி இல்லை."