செவிமடுப்பான்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பொழுது விடிந்தால், வீட்டு எந்திரத்தின் குணத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. காபிகூட அப்புறம்தான். மாமியார் வருகிறாளா, சுவரிலுள்ள வரைதிரையில் கருவிப்பெட்டியைத் திறந்து, ‘பணிவு’ என்ற கட்டத்தை இழுத்து எந்திரத்தின் படத்தில் போட்டு ஒரு கோட்டால் இணைத்துவிட்டால் போதும். மாமியார் கிளம்பியதும் கோட்டை அழித்துவிடுவார்கள்.

செங்கமலத்துக்கு வேண்டிய கட்டம் பெட்டியில் இல்லை. குடியிருப்பை மூடியிருந்த குவிமாடம் விரிசல்விட்ட விபத்தில் அவளுடைய ஒரே மகன் இறந்து ஒரு வருஷமாகிறது. அவனைப் பற்றி யாரிடமாவது முழுதாகப் பேசித் தீர்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கணவன் நல்லமுத்துவிடம் பேச்சை எடுத்தால் அவனுக்குச் சுரங்கத்துக்கு நேரமாகிவிடும். தோழிகளோ இரண்டாவது வாக்கியத்திலேயே தங்கள் கதைக்குத் தாவிவிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் சொல்ல எவ்வளவோ இருந்தது.

கருவிப்பெட்டிக்குப் புதிய குணக்கூறுகள் எழுதுவது அவள் தொழில். சோறு தண்ணி மறந்து ‘செவிமடுப்பான்’ என்ற குணக்கூறு ஒன்றை எழுதினாள். அது குறுக்கே பேசாது, சொன்னதை மறக்காது, அழுதால் காத்திருக்கும். ஆனால் தரக்குழு ஒப்புக்கொண்டு பெட்டியில் ஏற்றாத எந்தக் குணக்கூறும் எந்திரத்தில் ஒட்டாது.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம்,” என்றார் தரக்குழுவின் எபனேசர். “சோதனைக்கு வந்தவங்க பயந்துட்டாங்க. பேசப் பேச அது பாத்துக்கிட்டே இருக்கு. பழுதாயிடுச்சுன்னு பாதிப்பேர் எழுந்து போயிட்டாங்க.”

“கேக்கறதுக்குத்தானே சார் செஞ்சேன்?”

“மனுஷங்க எப்படிக் கேக்கறாங்களோ அதுதான் மேடம் எங்களுக்கு அளவுகோல். நாங்களே திருத்திச் சேத்துடறோம்.”

வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். அடுத்த வாரமே ‘அசல் மனிதத் தரம்’ என்ற உச்ச மதிப்பெண்ணோடு அது பெட்டியில் ஏறியது. அந்தக் கட்டத்தை இழுத்து இணைத்துவிட்டு, எந்திரத்தின் எதிரே உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் காலையில ஷூவ மாத்திப் போட்டுக்கிட்டு நின்னான்,” என்று ஆரம்பித்தாள். எந்திரத்தின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று.

“சாயங்காலம் வந்து சொல்லித்தரேன்டான்னு நான் அவசரத்துல...”

“அட, அத விடுங்க,” என்றது எந்திரம். ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. “பக்கத்து வீட்டு எந்திரத்துக்கு நேத்து என்ன ஆச்சு தெரியுமா?”

தொண்டை வரை வந்த மகன் அங்கேயே நின்றுவிட்டான். இனி எங்கே போய் யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்திரம் பேசிக்கொண்டே போனது. செங்கமலம் கைத்திரையை எடுத்து, விரலால் எதையோ மேலே தள்ளிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல் சொன்னாள்:

“ம்.”