முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே உதறியது. வாசலில் தரை வழவழவென்று சமமாக இருந்தது. ஏறி இறங்க அங்கே ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது.

மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டி வந்தவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு இவர்களுக்குக் கிளட்ச்சை விடத் தெரிவதில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"கிளட்ச்ச விடும்போது உதறுதாம்மா?"

"அப்படின்னு இல்லண்ணா. எப்ப வேணாலும் உதறுது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எது மேலயோ ஏறி இறங்குன மாதிரி. ரிவர்ஸ் எடுத்தா மட்டும் பின்னாடி முதல்ல வருது."

"பழைய வண்டி வாங்குனா கற்பனையும் சேர்ந்து வரும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எம்பொண்ணு இதுல ஏறவே மாட்டேங்கிறா. மூணரைக்கு அவளை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். ஏத்தலாமா, வேணாமான்னு மட்டும் சொல்லிடுங்க."

டாக்டர் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்ததும் மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்காவது கியரில் கிளட்ச்சை விட்டார். இன்ஜின் சட்டென்று அணைந்தது. கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது. முதல் கியரில் மெதுவாக நகர்த்தினார். உதறவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் அடித்தார், ஆக்ஸிலில் சத்தமில்லை. வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவரிடம்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டார்.

இருந்தாலும் பட்டறைக்குப் பின்னால் இருந்த சரிவுக்கு வண்டியைக் கொண்டு போனார். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருள விட்டார். கண்ணாடியை இறக்கியதும் வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை வந்தது, டயருக்கடியில் மணல் நெரியும் ஓசை வந்தது, அதற்கும் அடியில் எங்கோ யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு சீட் தூக்கிப் போட்டது. முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. இன்ஜின் ஓடவில்லை, கியர் விழவில்லை, சாலையில் எதுவும் இல்லை.

"வீல் பேரிங்," என்றார் தனக்குத்தானே. அவர் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

லிஃப்டில் வண்டியை ஏற்றினார். நான்கு சக்கரங்களும் அவர் மார்பளவு உயரத்தில் தொங்கின. ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றிப் பார்த்தார், எதிலும் ஆட்டமில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து அடியில் போனார்.

கியர்பாக்ஸைத் தாங்கும் போல்ட்டின் தலையில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

அவை அவர் குத்தியவை. தான் முறுக்கிய போல்ட்டில் கூர் உளியால் இரண்டு புள்ளி குத்தி வைப்பது அவர் வழக்கம். பிறகு எவனாவது கைவைத்துக் கெடுத்துவிட்டுப் பழியை அவர் தலையில் போடக் கூடாது அல்லவா? வீல் வளைவில் நகத்தால் சுரண்டினார். நீலப் பெயின்ட்டுக்குக் கீழே வெள்ளை தெரிந்தது.

நான்கு வருடம் முன்பு வந்த வெள்ளை வண்டி. கொண்டு வந்தவர் நிதானமாகப் பேசினார். "நாய் குறுக்க வந்துடுச்சு. அடியில நல்லா தண்ணி அடிச்சு விடுங்க." மெக்கானிக்கும் தண்ணீர் அடித்தார். கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் ரோஸ் வார் போட்ட ஒரு குட்டிச் செருப்பு சிக்கியிருந்தது. நாய் செருப்புப் போடாது என்பது அவருக்குத் தெரியும். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று அதைக் கழிவு எண்ணெய் டிரம்மில் போட்டு மூடினார். அன்றிலிருந்து வண்டி கொண்டு வருகிற எல்லோரும் அவருக்கு முட்டாளாகவே தெரிந்தார்கள். அப்படித் தெரிந்தால்தான் தூக்கம் வந்தது.

தலைக்கு மேல் இரும்பு முனகியது.

முன் சக்கரம் தானாகச் சுழன்றது. மெதுவாக. பிறகு, வெறும் காற்றில், டயர் அடிப்பக்கம் நசுங்கியது. எதன் மேலோ ஏறியது. இறங்கியது. பின் டயரும் நசுங்கியது. ஏறியது. இறங்கியது.

நின்றது.

பிறகு சக்கரங்கள் பின்னோக்கிச் சுழன்றன. பின் டயர் ஏறி இறங்கியது. முன் டயர் ஏறி இறங்கியது.

அந்த ஆள் ரிவர்ஸும் எடுத்திருக்கிறான். மெக்கானிக் தன் கையைப் பார்த்தார். அடியில் தண்ணீர் அடித்த கை இது. இந்தக் கைதான்.

"என்னண்ணா, கண்டுபிடிச்சிட்டீங்களா?" கண்ணாடி அறையின் கதவைத் திறந்து டாக்டர் கேட்டார். "மணி மூணாச்சு. பாப்பாவ இதுல ஏத்தலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஏன் என்று டாக்டர் கேட்பார். அப்புறம் டிரம்மைத் திறக்க வேண்டிவரும்.

"ஏத்தலாம்மா," என்றார். "எப்பவோ நாய் அடிபட்டிருக்கும் போல. வேற ஒண்ணுமில்ல."

கதவு மூடிக்கொண்டது.

சக்கரம் மறுபடி சுழன்றது. முன் டயர் நசுங்கியது. ஏறியது. இந்த முறை இறங்கவில்லை. ஏறியபடியே நின்றது. அதற்கடியில், வெறும் காற்றிலிருந்து, கறுப்பு எண்ணெய் சொட்டத் தொடங்கியது. அது நேராகக் கீழே விழவில்லை. எதன் மேலோ பட்டு, வளைந்து வழிந்தது. வழிய வழிய உருவம் தெரிந்தது. ஒரு சின்ன முழங்கால். கணுக்கால். செருப்பில்லாத பாதம்.

அதன் விரல்கள் அசைந்தன.