ஒரு குத்துக்கு நாலு நெத்திலி

விருதுநகரில் அன்று காலை ஓர் உயிரின் சம்மதம் நாலு நெத்திலிக்கு விலை போனது. மூன்றுக்கு முடித்துவிடப் பார்த்தார் தனுஷ்கோடி. நடக்கவில்லை.

விற்றது மொச்சை என்ற பூனை. உடம்பு முழுக்க வெள்ளை, கண்ணோரம் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. உளுந்து கமிஷன் கடை நடத்தும் தனுஷ்கோடி வீட்டில் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வயது பதினொன்று. போன வாரம்தான் சர்க்கரை என்று தெரிந்தது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, மூட்டைகளின் மேலேயே ஒன்றுக்குப் போனது, நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிய இளைத்தது. ரத்தம் பார்த்த டாக்டர் நஸ்ரின் பால்சோற்றையும் பிஸ்கட்டையும் நிறுத்தச் சொன்னார். இனி மீனும் கோழியும் மட்டும். காலையில் ஒரு அலகு இன்சுலின், சாயங்காலம் ஒரு அலகு, அதுவும் சாப்பிட்ட பிறகு.

"ஒரு வேள மறந்துட்டா விட்டுடுங்க அண்ணாச்சி. ரெண்டயும் சேத்து மட்டும் போட்டுடாதீங்க" என்றும் சொன்னார். தனுஷ்கோடி தலையாட்டினார். வியாபாரி தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்றுதான் அர்த்தம். ஒப்புக்கொண்டார் என்று இல்லை.

அந்தக் காலம் என்றால் பூனையைத் துணியில் சுருட்டிப் பிடித்து ஊசியைப் போட்டிருப்பார்கள். ஈடுமானி வந்த பிறகு அது சட்டப்படி அடிதடி.

விலங்குகளின் மொழியைத் தேடிப் போனவர்கள் சொற்களைத் தேடினார்கள்; கிடைத்தது விலை. எந்த உயிரும் எந்த நேரமும் உள்ளுக்குள் ஒரு தராசைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. இந்த வலிக்கு அந்தத் தீனி சரியா, இந்த நடைக்கு அந்த நிழல் கட்டுமா என்று நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கழுத்தில் கட்டும் ஒரு பட்டை நரம்பு வழியாக அந்தத் தராசைப் படித்து எண்ணாகக் காட்டிவிடும். அதுதான் ஈடுமானி. பின்னாலேயே சட்டமும் வந்தது. விலங்கு கேட்கும் ஈட்டைக் கொடுக்காமல் அதன் மேல் ஊசியோ கத்தியோ படக் கூடாது. விலை படிந்தால் பட்டையில் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் ஊசிப் பேனா திறக்கும்.

உலகம் கொஞ்சம் தடுமாறி, பிறகு பழகிக்கொண்டது. கறவை மாடுகள் பருத்திக்கொட்டையின் தரத்தைப் பற்றி உறுதியான கருத்து வைத்திருந்தது தெரியவந்தது. ஆசீர்வாதம் செய்ய ஒரு தலைக்கு இரண்டு பழம் கேட்டது கோயில் யானை, வரிசை பாதியானது. நாய்கள் மட்டும் எல்லாவற்றையும் சும்மா செய்யத் தயாராக இருந்து பொருளாதாரப் பேராசிரியர்களை அழவைத்தன.

தனுஷ்கோடிக்கு இந்த ஏற்பாடு முதலில் பிடித்துத்தான் இருந்தது. அவர் தொழிலில் விலையை வாயால் சொல்லக் கூடாது. தோள் துண்டைக் கைகளின் மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. எதிராளியின் அடிவிலை என்ன என்று ஊகிப்பதற்குள் பாதி ஆயுள் போய்விடும். இங்கேயோ எதிராளி அடிவிலையைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிகிறது!

ஆனால் அதைக் குறைக்க வழியில்லை. பசித்த பூனை மலிவு, தின்ற பூனை கிராக்கி. டாக்டரோ தின்ற பிறகுதான் குத்தச் சொல்கிறார். போதாக்குறைக்கு, சாயங்கால ஊசி அவர் மனைவி சுகந்தியின் பொறுப்பு. அவள் நாலு கேட்டால் அஞ்சாகக் கொடுத்தாள்.

"சந்தையக் கெடுக்கிறியேம்மா. நாளைக்கு அது ஆறு கேக்கும்."

"கேக்கட்டுமே. குத்து வாங்கறது அதுதானே, நீங்களா?"

"நெத்திலி என்ன வெல விக்குது தெரியுமா?"

"உங்க வெத்தல பாக்குச் செலவ விடக் கம்மிதான். கையக் கழுவிட்டு வாங்க, சாப்பிட."

வெள்ளிக்கிழமை சுகந்தி சாத்தூரில் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனாள். இரண்டு வேளைப் பொறுப்பும் தனுஷ்கோடி தலையில் விழுந்தது. காலையில் நாலு நெத்திலியை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு அது உதித்தது. விருதுநகர்க்காரனுக்கு மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை.

பூனை குத்துக்குத்தானே விலை கேட்கிறது? அலகுக்கு இல்லையே. சில்லறையில் இரண்டு தடவை வாங்குவானேன்? மொத்தமாக ஒரே குத்தில் வாங்கினால் நாலு நெத்திலி மிச்சம், ஒரு குத்தும் மிச்சம். பூனைக்கும் லாபம்தானே!

பேனாவை இரண்டு அலகுக்குத் திருகினார். பேனா திறந்தது. அதற்கு விலை தெரியுமே தவிர மருந்து தெரியாது. மொச்சை அன்று கோழியைப் பாதியோடு விட்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மிச்சமான நெத்திலியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது மொச்சை பீரோ ஓரத்தில் படுத்திருந்தது. பட்டையில் விலை பூஜ்யம் என்று காட்டியது.

தனுஷ்கோடிக்கு முகம் மலர்ந்தது. மார்க்கெட் இப்படி விழுந்து அவர் பார்த்ததில்லை. விழும்போது வாங்கிப் போடுவதுதானே புத்தி. நாளைக் காலை ஊசியை இப்போதே போட்டுவிட்டால் என்ன? பேனாவை எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனார். திறக்கவில்லை. பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. பேருக்காவது ஒன்று கொடுத்தால்தான் ரசீது விழும் போலிருக்கிறது என்று ஒரு நெத்திலியை எடுத்து மூக்கருகே நீட்டினார்.

மொச்சை அதைப் பார்க்கவில்லை. எழுந்திருக்க முயன்றது, பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. தாடை இழுத்துக்கொண்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சரக்கை விலை குறைத்து விற்கிறவனுக்கு ஏதோ முடை இருக்கும். ஒன்றுமே கேட்காமல் கொடுக்கிறவன் வியாபாரம் பண்ணவில்லை, கடையை மூடிக்கொண்டிருக்கிறான்.

போனில் டாக்டர் கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. "தேன் இருக்கா? சீனித்தண்ணியாவது? ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, பொர ஏறிடும். தடவிக்கிட்டே வாங்க."

தடவிக்கொண்டே வந்தார். வழி நெடுக ஆட்டோக்காரரிடம் வாடகை பேசவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டால் போதும்.

"காலைல எவ்வளவு போட்டீங்க?" என்றார் நஸ்ரின், பூனையை மேசையில் கிடத்தியபடி.

"ரெண்டு."

"ஒண்ணுதானே சொன்னேன்?"

"குத்து ஒண்ணுதான் டாக்டர்."

நஸ்ரின் குளுக்கோஸ் ஊசியை எடுத்தார். திட்டுவதற்கு நேரமில்லை. "குளுக்கோஸ் ஏத்தணும். ஆனா பட்ட பூஜ்யம் காட்டுது. பூஜ்யம் சம்மதம் ஆகாது. ஊசி பூட்டியே இருக்கும்."

பூஜ்யத்தை விலையாக ஏற்றுக்கொண்டால் மயங்கிக் கிடக்கும் நாயையெல்லாம் யார் வேண்டுமானாலும் அறுத்துவிடலாம் அல்லவா? அதனால் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. விலங்கால் விலை சொல்ல முடியாதபோது, வளர்ப்பவர் பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அதன் சார்பில் சொல்ல வேண்டும். சிவப்பு விழும்வரை ஏற்றி ஏற்றிக் கேட்டால், அதன் உயிருக்கு அவர் எதுவரை கொடுப்பார் என்பதைப் பட்டை படிக்கும். குடும்பத்தைச் சேராத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும்.

வெளியே ஒரே ஓர் ஆள்தான் காத்திருந்தார். அலகு வெட்டுவதற்கு மூன்று பச்சைமிளகாய் கேட்டு அடம்பிடிக்கும் கிளியோடு வந்திருந்த அருப்புக்கோட்டை கதிரேசன். தனுஷ்கோடியின் கிடங்கில் இருக்கும் முந்நூறு மூட்டை உளுந்தை மறுநாள் காலை துண்டுக்கு அடியில் விலை பேசப் போகிறவர்.

"வேற ஆள் கெடையாதா டாக்டர்?"

"கூப்பிட்டு வர நேரம் கெடையாது அண்ணாச்சி. கையக் குடுங்க."

கதிரேசன் கிளிக்கூண்டோடு உள்ளே வந்தார். ஒரே பார்வையில் நிலவரம் புரிந்துவிட்டது. "அந்த உளுந்த என்ன வெலைக்கு விடுவாருன்னும் அதுலயே கேட்டுருங்களேன், டாக்டர்" என்றார்.

"வாய மூடிட்டு நிப்பீங்களா? சாட்சி பேசக் கூடாது."

பட்டை கட்டப்பட்டது. தனுஷ்கோடி பழக்க தோஷத்தில் தோள் துண்டை எடுத்து மணிக்கட்டின் மேல் போட்டார். நஸ்ரின் அதை எடுத்து நாற்காலியில் வீசினார். பிறந்தமேனிக்குச் சந்தையில் நின்றதுபோல் இருந்தது அவருக்கு. இதெல்லாம் வெறும் பூனை, ஒரு நாலணா ஜீவன், தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் எத்தனையோ பேரை ஏமாற்றிய முகம் அது. பட்டை முகத்தைப் பார்க்கிற கருவி இல்லை.

"கைல இருக்கற மோதிரம்?"

பச்சை.

"ஸ்கூட்டர்?"

பச்சை.

"கெடங்குல இருக்கற உளுந்து, பாதி?"

பச்சை. கதிரேசன் கிளிக்கூண்டைக் கீழே வைத்தார்.

"முழுசும்?"

பச்சை.

"அண்ணாச்சி" என்றார் கதிரேசன், குரல் இறங்கி. "கழட்டிருங்க. நான் எதையும் பாக்கல. வேற பூன வாங்கிக்கலாம். நாளைக்கு மார்க்கெட்ல தல நிமிந்து நடக்கணும்ல?"

தனுஷ்கோடி பட்டையை விரலால் தடவினார். ஒரு கொக்கி, இழுத்தால் வந்துவிடும். மேசையில் மொச்சையின் வயிறு ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்திருந்தது.

"மேல கேளுங்க டாக்டர்" என்றார்.

"கெடங்கு?"

பச்சை எரிந்து நின்றது. அடுத்த கேள்விக்குச் சிவப்பு விழுந்ததால் கணக்கு அங்கே முடிந்தது. ஊசி திறந்தது. அந்த அடுத்த கேள்வி என்ன என்பதைச் சாட்சி இன்றுவரை வெளியே சொல்லவில்லை; வியாபாரிக்கும் ஒரு நாணயம் உண்டு.

மற்றதையெல்லாம் சொன்னார். மறுநாள் காலை தனுஷ்கோடி கடையைத் திறப்பதற்குள் ஒரு பூனைக்குக் கிடங்கைக் கொடுக்கிற ஆள் என்ற செய்தி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. உளுந்து மூட்டைக்கு இருநூறு ரூபாய் குறைவாகத்தான் விலை போனது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவ்வளவு சுலபமாக ஒருவன் அடிவிலை தெரியுமென்றால் நாம் ஏன் விரலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறோம் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். ஆறு மாதத்தில் விருதுநகர் மார்க்கெட்டில் இருதரப்பும் பட்டை கட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு நொடியில் விலை படிந்தது. தரகு இரண்டு சதவீதத்திலிருந்து அரைச் சதவீதமானது. முதல் வாரமே கதிரேசனின் அடிவிலையும் ஊருக்குத் தெரிந்துபோனது. தான் விற்கும் சரக்குக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் அது பாதி.

அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மொச்சையை வீட்டுக்கு அனுப்பும்போது நஸ்ரின் ஒரு சீட்டையும் கொடுத்தார்.

"எங்களுக்கு மருந்துச் செலவு மட்டும்தான். மீதி ஈடு பூனைக்குச் சேரணும். அதுக்குப் பணமும் தெரியாது, கெடங்கும் தெரியாது, அதனால அதோட சரக்குல மாத்திருக்காங்க. ரெண்டு லட்சத்துப் பன்னெண்டாயிரம் நெத்திலி."

"என்னது?"

"ஒரேயடியா குடுத்துடாதீங்க. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஆகாது. ஊசிக்குக் குடுக்கறதையே கழிச்சுக்கலாம். நாளைல இருந்து ஒரு அலகுதான், புரிஞ்சுதா? ஒண்ணு!"

ஒரு நாளைக்கு எட்டு என்றால் எழுபத்திரண்டு வருஷத்துக்கு மேல் போகும் என்று பஸ் ஸ்டாண்ட் தாண்டுவதற்குள் மனக்கணக்காகப் போட்டுவிட்டார். கடன்காரனுக்கு வயது பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாத்தூரிலிருந்து திரும்பிய சுகந்தி சீட்டை இரண்டு தடவை படித்தாள். அழுதாள், திட்டினாள், பூனையைத் தூக்கிக் கொஞ்சினாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"பூனைக்குக் கெடங்கு. எனக்கு எவ்வளவு?"

தனுஷ்கோடி மறுபேச்சில்லாமல் மணிக்கட்டை நீட்டினார். "கட்டிப் பாத்துரு."

அவள் அந்தக் கையை மடக்கிவிட்டாள். "வேணாம். தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் உங்ககூட என்னத்தப் பேசறது?"

சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. கடன் கொடுத்த விலங்கு சம்மதித்தால் மொத்தக் கடனையும் ஒரே தடவையில் தீர்த்துக்கொள்ளலாம். தனுஷ்கோடிக்கு அது கண்ணில் படாமல் இருக்குமா? மொச்சை கோழியை முழுதாகத் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, பட்டையில் அந்தக் கேள்வியைப் போட்டார். முழுக் கடனையும் விட்டுவிட என்ன வேண்டும்?

பூனைக்கு நேற்றும் கிடையாது, எழுபத்திரண்டு வருஷமும் கிடையாது. கையில் நெத்திலி வாசனை இருக்கிறது, அவ்வளவுதான். பட்டை எண்ணைக் காட்டியது. நாலு.

"ரெண்டு லட்சம் நாலுக்கு முடியுது" என்றாள் சுகந்தி. "முடிச்சிருங்க. இப்படி ஒரு யாவாரம் இனி எந்தப் பெறவில வரும்?"

அவர் நாலு நெத்திலியையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிண்ணத்தருகே குந்தினார். பிறகு அந்தக் கேள்வியை அழித்தார். ஊசிக்கான கேள்வியைப் போட்டு, நெத்திலியைக் கிண்ணத்தில் வைத்து, பேனாவை ஒரு அலகுக்குத் திருகி, தோலை லேசாகத் தூக்கிக் குத்தினார். மொச்சை தின்பதை நிறுத்தவில்லை.

"ஏங்க?"

"கணக்கு முடிஞ்சா ஆளு வரமாட்டாங்கம்மா. பாக்கி இருந்தாத்தான் வந்துட்டே இருப்பாங்க."

சீட்டைத் திருப்பிப் போட்டு, எழுத ஒரு பேனா தேடினார்.

மொத்தம், 2,12,000. இன்று கொடுத்தது, 4. பாக்கி, 2,11,996.