நாலாவது கோடு

ஒரு மருமகனின் விலை நான்கு குப்பி மை என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தார். மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவர். கறிகாய் முதல் கதவுக் கொண்டி வரை எதையும் பேரம் பேசாமல் வாங்கியதில்லை. மருமகனை மட்டும் பேரமே இல்லாமல் தள்ளிவிடத் துணிந்துவிட்டார்.

"எழுதிக்கோ. திருட்டுன்னே போடு," என்றார் தங்கையிடம்.

தங்கை போலீஸ் இன்ஸ்பெக்டர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சீருடை இல்லாமல் வந்திருந்தாள். "செருப்பைக் கழட்ட விடுண்ணே. கேஸ் எங்கயும் ஓடிடாது. என்ன காணோம்?"

"மை."

மகளின் அறையைத் திறந்து காட்டினார். மகள் இறந்துபோய் எட்டு மாதம். தலையணை உறைகூட மாறவில்லை. ஜன்னலோர மேசையில் அவளுடைய பிரிண்டர். மற்றவர்களின் புகைப்படங்களை அச்சிட்டுக் கொடுத்து அவள் சம்பாதித்தது அதில்தான். முன்பக்கத்தில் நான்கு சின்னத் தொட்டிகள், நான்கிலும் மை அடிமட்டத்தில் நின்றது. இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறி மினுக்கின.

"ரெண்டு மாசம் முன்னாடி நாலையும் கழுத்து வரைக்கும் நானே ஊத்தினேன். எடுத்தது ஒரே ஒரு படம். இப்ப பாரு, துடைச்சு வெச்சிருக்கு. ரெண்டு வாரமா இந்த விளக்கு வேற எரியுது. வீட்டுச் சாவி என்கிட்ட, உங்க அண்ணிகிட்ட, மாப்பிள்ளைகிட்ட. அவர் டியூஷன் வாத்தியார். நாற்பது பிள்ளைங்களுக்குக் கேள்வித்தாள் எங்கிருந்து வருது? பச்சைப்பிள்ளை சொல்லும்."

"பச்சைப்பிள்ளையவே கூப்பிட்டிருக்கலாமே. எதுக்கு என்னை?"

அண்ணன் முறைத்தார். அவள் குனிந்து தொட்டிகளையே பார்த்தாள். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டம்.

"கேள்வித்தாள் கலர்ல அடிப்பாரா?"

"கறுப்புலதான்."

"ம்," என்றாள். ஸ்டேஷனில் திருடர்களைவிட அவளை அதிகம் அழவைத்தது அங்கிருந்த பிரிண்டர்தான். வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும் அதன் குணமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மருமகனுக்குப் போன் போட்டாள். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. வரும்போது இந்த மாடலுக்குக் கழிவு மை சேருற டப்பா ஒண்ணு, பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணி ஒரு பாட்டில்."

"குழாய்த் தண்ணி ஆகாதா? அது சும்மா கிடைக்குமே," என்றார் அண்ணன்.

"அதுல உப்பு இருக்குண்ணே. அடைப்பை எடுக்கப் போய் நாமே அடைக்கணுமா?"

காலை 10.20. மருமகன் வாசலில் நின்றார். வெளிர்மஞ்சள் சட்டை, எட்டு மாதத்தில் பாதியாகிவிட்ட உடம்பு. அண்ணி டீ டம்ளரோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாப்பா. வெள்ளைச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு. சாப்பிட்டியா?"

"ஆச்சு அத்தை," என்றார். சாப்பிட்ட முகமாக இல்லை.

இன்ஸ்பெக்டர் பிரிண்டரை அணைத்து மறுபடி போட்டாள். மை பீச்சும் அச்சுத்தலை நடுவுக்கு வந்ததும் சடக்கென்று பிளக்கைப் பிடுங்கினாள். நான்காக மடித்த மெல்லிய காகிதத்தை மருமகன் கொண்டுவந்த தண்ணீரில் நனைத்துத் தலைக்கடியில் செருகி, தலையை அதன்மேல் நகர்த்தினாள். "ரெண்டு வாரமா சும்மா நிக்குது. துளையில மை காஞ்சிருக்கும். ஒரு மணி நேரம் ஊறட்டும். அதுக்குள்ள பேசிடுவோம். தம்பி, கடைசியா எப்ப பிரிண்ட் எடுத்தீங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி. அவ படம் ஒண்ணு. வெளியே கடையில எடுக்கலாம்னேன். ஊர் முகத்தையெல்லாம் இதுல எடுத்தவ, அவ முகமும் இதுலயே வரட்டும்னாங்க அத்தை."

"வந்துச்சா?"

"மஞ்சள் வரல. முகம் நீலம் பாரிச்சு..." நிறுத்திக்கொண்டார். "மாமா பார்த்துட்டு எழுந்து போயிட்டார்."

"அப்புறம்?"

"சொட்டுப் படம் போட்ட பட்டனை அஞ்சு எண்ணுற வரைக்கும் அழுத்துங்கன்னு அத்தைகிட்ட சொன்னேன். தலையைக் கழுவிட்டுச் சோதனைத்தாள் ஒண்ணு தள்ளும். அதுல நாலு நிறக் கோடும் வந்தா கூப்பிடுங்கன்னேன். கூப்பிடல. படமே வேண்டாம்னு நினைச்சுட்டாங்க போலன்னு நானும் கேட்கல." பிறகு தலை நிமிர்ந்தார். "எதுக்குச் சித்தி இதெல்லாம் கேட்கறீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். மருமகன் அவரைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், காலித் தொட்டிகளைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டர் பிரிண்டரின் பின்பக்கத் திருகை அவிழ்த்து, கழிவு டப்பாவை உருவினாள். உள்ளே பஞ்சு கருஞ்சேறாக ஊதிக் கிடந்தது. "இந்தாண்ணே, உன் மை. ஒரு சொட்டு வெளியே போகல. ஒவ்வொரு தடவை தலையைக் கழுவும்போதும் நாலு நிறமும் சமமா இதுக்குள்ள இறங்கும். நிரம்பினதும் விளக்கை மினுக்கிட்டு மெஷின் நின்னுடும். கேள்வித்தாள் அடிச்சிருந்தா கறுப்பு மட்டும்தான் குறைஞ்சிருக்கும்."

"கழுவினது யாரு?"

"கழுவின ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் வந்திருக்கும். இந்த வீட்ல தாள் வீணாப் போகாது," என்று அவள் சமையலறைக்குப் போய் அலமாரியில் சர்க்கரை டப்பாவைத் தூக்கினாள். அடியில் புது வெள்ளைத்தாள் விரித்திருந்தது. திருப்பினாள். நான்கு நிறக் கோடுகள். பருப்பு டப்பாவின் அடியிலும் அதே. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை எல்லாம் அதே. ஒன்று விடாமல் எடுத்துவந்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றின் மூலையிலும் அண்ணி பென்சிலில் தேதி போட்டிருந்தாள்.

"முதல் தாள்ல மஞ்சள் கோடு அறுந்து அறுந்து இருக்கு. ரெண்டாவதுல முழுசா வந்துடுச்சு. அடைப்பு ரெண்டாம் நாளே போயிடுச்சுண்ணே. மத்த தாள் எல்லாத்துலயும் நாலு கோடும் சரியாவே இருக்கு. ஆனா தினமும் நீ கடைக்குப் போனதும் யாரோ பட்டனை அழுத்திட்டே இருந்திருக்காங்க. மஞ்சள் கண்ணுல படாத யாரோ."

அண்ணி கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அண்ணி, தம்பி போட்டிருக்கற சட்டை என்ன நிறம்?"

"வெள்ளை."

அண்ணன் மருமகனின் சட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியின் கண்களைப் பார்த்தார். பல நாள் கழித்து இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது. இரண்டிலும் பால் ஆடை படர்ந்த மாதிரி ஒரு மங்கல். கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சீசன் முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அவர் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

"மூணு கோடுதான் வந்துச்சு," என்றாள் அண்ணி. "தினமும் மூணுதான். நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் அண்ணன்.

"அவ பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறீங்க. யாரைக் கேட்க?"

11.25. ஊறிய காகிதத்தை உருவியபோது அதில் நான்கு நிறமும் கசிந்திருந்தன. புது டப்பா உள்ளே போனது, சிவப்பு விளக்குகள் அணைந்தன. மருமகன் தன் போனிலிருந்து படத்தை அனுப்பினார். பிரிண்டர் முனகியது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. கன்னம் கன்னத்தின் நிறத்திலேயே வந்தது. அண்ணன் எழுந்து போகவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு," என்றார் அண்ணன்.

"எனக்கு அன்னிக்கு வந்த மாதிரியேதான் தெரியுது." தாளைத் தடவினாள். "அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தா. நீங்க ஒரு தடவை பார்க்கணும்னுதான் அழுத்திட்டே இருந்தேன்."

மருமகன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேசையில், சோதனைத்தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும் மாமா. வரேன் அத்தை."

"படத்தை எடுத்துட்டுப் போப்பா," என்றாள் அண்ணி. அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. படி இறங்கிவிட்டார்.

அண்ணன் வாசல் வரை போய்த் திரும்பிவந்தார்.

"கணக்கு சொல்லட்டுமாண்ணே," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "போனது நாலு குப்பி. பஞ்சுல இருக்கறது பெரும்பங்கு. மிச்சம் அலமாரித் தாள்லயும் ரெண்டு படத்துலயும் இருக்கு. திருட்டு ஒண்ணுமில்லை."

அவர் தலையாட்டினார். மை கணக்கு நேராகிவிட்டது. மேசையில் கிடந்த சாவியைத்தான் வரவில் எழுதுவதா பற்றில் எழுதுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.