வெறும் எழுத்து போதும்

செம்பாலைக் குடியிருப்பில் யாரும் எதையும் தானாக நினைவு வைத்துக்கொள்வதில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நினைவொட்டு, மனத்தில் ஓடுவதைப் பிடித்து, திருத்தி, மெருகேற்றிக் குறிப்பாக எழுதிவிடும். செவ்வாய்க் கிரகத்தில் பிறக்கும் பிள்ளைக்கு முதல் தடுப்பூசியோடு அதையும் ஒட்டிவிடுவார்கள்.

அன்று காலை குமணன் பல் துலக்கியபடி, 'பாப்பா விடிய விடிய அழுதாள், என் முகத்தில் அறைந்தாள்' என்று நினைத்தான். கண்ணாடியில் குறிப்பு வந்து நின்றது: 'என் செல்லத்தின் உற்சாகமான இரவு! நிம்மதியான உறக்கத்துக்குப் புதிய பால்மாவு வாங்குவோமா?'

வாயிலிருந்த நுரையைக் கண்ணாடி மேலேயே துப்பினான்.

கோபம் வராதா பின்னே? அவன் மனைவி பூங்கோதை பனிக்கப்பல் ஓட்டுபவள். வியாழனின் நிலவிலிருந்து பனிக்கட்டி இழுத்துவர அவள் முறை வந்தபோது மகள் நறுமுகை கைக்குழந்தை. போக வர மூன்று வருடம், பெரும்பகுதி குளிர்த்துயில். இடையில் பேச வழியில்லை. புறப்படும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ பண்றதையெல்லாம் எழுதி வை. அழகா வேண்டாம், உள்ளபடி இருந்தா போதும். அவ வளர்றதை நான் படிச்சாவது பாக்கணும்."

உள்ளபடி எழுத ஒரு கருவி கிடைத்தால்தானே. குமணன் தேடாத இடமில்லை. ஒன்று, எழுதவிடும் முன் நாடித்துடிப்பைக் கேட்டது. இன்னொன்று 'அறைந்தாள்' என்ற சொல்லைக் கண்டதும் குழந்தைகள் நலத் துறைக்குத் தகவல் கொடுக்க, இரண்டு ரோபோக்கள் வீட்டு வாசலில் வந்து நின்றன. எனக்கு வேண்டியது வெறும் எழுத்து, அதுவும் என் வீட்டு மெஷினிலேயே இருக்க வேண்டும் என்று உதவி மையத்தில் தொண்டை கிழியக் கத்தினான். அவர்கள் அவன் கோபத்துக்கு மாத்திரை சிபாரிசு செய்தார்கள்.

கடைசியில் பூமியின் பழைய மென்பொருள் கிடங்கில் அது அகப்பட்டது. பிரௌசரில் திறந்தால் வெள்ளைத் திரை, தட்டினால் எழுத்து, சேமித்தால் வீட்டுச் சர்வரில் ஒரு கோப்பு. அவ்வளவுதான். நினைவொட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு ஓட்டைக் கணினியில் அதை நிறுவினான். 'பாப்பாவுக்கு முதல் பல் முளைத்திருக்கிறது' என்று எழுதினான். எழுதியது எழுதியபடியே இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அந்த வெள்ளை கண்ணை உறுத்தியது. திரையைக் கறுப்பாக்கப் போய் எழுத்து கோணிக்கொண்டது. எழுத்தைச் சரிசெய்யப் போய்ச் சேமிப்பே நின்றது. விடுவானா? ராப்பகலாக அதோடு மல்லுக்கட்டினான். நறுமுகை அழுதால், "இரும்மா, உனக்காகத்தானே இந்தப் பாடு" என்று எரிந்து விழுந்தான்.

மூன்று வருடம் கழித்துப் பூங்கோதை திரும்பி வந்தாள். மகள் அவளைக் கண்டதும் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மகளைத் தெரிந்துகொண்டு பேசலாம் என்று பூங்கோதை முதலில் குறிப்புகளைக் கேட்டாள். குமணன் பெருமையோடு திறந்து வைத்தான்.

'எழுத்துரு மாற்றினேன்.' 'நகலெடுப்பு இனி தானாக நடக்கும்.' 'பின்னணி நிறம் மறுபடி மாற்றம்.' பக்கம் பக்கமாக இதுதான். படிக்கப் படிக்க அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டாவது முறை படித்தாள்.

'சர்வர் அணைந்துவிட்டது. மேசைமேல் இருந்த ஒயரை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். தவழ்கிறவளுக்கு எட்டாத உயரம், எப்படியென்று புரியவில்லை. கேட்டால் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சர்வரைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.'

"அவ முதல்ல எழுந்து நின்ன நாள் இது," என்றாள் பூங்கோதை. "உன் எதிர்லயே நின்னிருக்கா. நீ ஒயரைப் பாத்திருக்க. என்னைக்கு நின்னா? அதையாவது சொல்லு."

குமணன் குனிந்து பார்த்தான். கோப்பில் தேதி இல்லை. அவனுக்கும் சுர்ரென்று ஏறியது.

"இந்தச் சனியன்ல தேதி தானா விழாது," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இரு, இப்பவே அதைச் சரிபண்ணிடறேன்."