புகலிடத்தின் எல்லை

மேற்கே சாய்ந்த கதிரவன் பெண்ணையாற்றின் நீர்ப்பரப்பில் செம்பொற்குழம்பைக் கரைத்துக்கொண்டிருந்த அந்த அந்திவேளையில், தென்கரையில் தனித்து நின்ற சமணக் குன்றை மழவர்கோமான் விறல்மாறனின் வேல்வீரர் நூற்றுவர் வளைத்து நின்றனர். குன்றின்மேல் இருந்த அருகன் பள்ளியில், மழவர் பாசறையின் மறைவழிகளைத் துணியில் வரைந்துகொண்டு ஓடிவந்த கொங்குநாட்டு ஒற்றன் ஒருவன் புகுந்திருந்தான். அஞ்சி வந்தோர்க்கு இது புகலிடம் என்று மன்னரின் பாட்டனார் எழுத்துப் பொறித்து நட்ட எல்லைக்கல்லொன்று படிகளின் அடியில் நின்றதையும் வாசகர்கள் அறிதல் வேண்டும்.

படைத்தலைவன் நயசேனன் அருகனை வழிபடுபவன். ஒற்றனை இழுத்துவரும்படி காலையில் ஆணை வந்ததும் ஆற்றுத் துறைகளை அடைத்தான்; குன்றைச் சுற்றிக் காவலும் இட்டான். கல்லைத் தாண்டி மட்டும் ஒருவனையும் அனுப்பவில்லை. அதைக் கேள்வியுற்ற மன்னர் தாமே புரவியேறி வந்து காரணம் வினவினார்.

நயசேனன் தன் வாளை அவர் காலடியில் வைத்தான். "இந்த உடல் தங்கள் சோற்றில் வளர்ந்தது, அரசே. தலையைக் கேளுங்கள், தருகிறேன். அடைக்கலம் புகுந்தவரைத் தொட அடியேனின் அறம் இடந்தராது."

"ஆணையை மீறிய தலைவனுக்கு என்ன தண்டனை என்பதை அறிவாயா?"

"அறிவேன்." அவன் மண்டியிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினான்.

மன்னர் வாளை உருவியபோது படிகளில் காலடியோசை கேட்டது. வணிகக் கோலத்தில் இறங்கிவந்த ஒற்றன் கல்லைக் கடந்து நின்று தலைப்பாகையை அவிழ்க்க, கருங்கூந்தல் சரிந்தது. கொங்கர்கோன் மகள் வானவல்லி! முன்பொரு சமாதானப் பேச்சின்போது கண்டு நயசேனன் மனம் பறிகொடுத்த மங்கை.

"எனக்காக இவர் மடிய வேண்டாம்" என்றாள்.

நயசேனனின் முகம் வெளிறியது. ஆயினும் எழுந்து சென்று அவள் கைகளைத் தன் கரத்தாலேயே பிணைத்தான். "எல்லையைக் கடந்துவிட்டீர்கள், இளவரசி. இனித் தாங்கள் மன்னரின் கைதி."

மன்னர் அவனைக் கூர்ந்து நோக்கினார். "இவளை விரும்புகிறாயா?"

"ஆம், அரசே."

"விரும்பியுமா கட்டினாய்?"

"என் நெறி கல்லுக்கு அப்பால் இவரைக் காத்தது. இப்பால் தங்கள் ஆணை நடக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்கமாட்டேன். இவர் விடுதலை பெறும் நாளில் தங்கள் பணியைத் துறந்து இவர் செல்லும் திசையில் செல்வேன். அருகன்மேல் ஆணை."

மன்னர் வாளை உறையிலிட்டு, கைதியின் காவலை நயசேனனிடமே ஒப்புவித்துவிட்டு, புரவியை ஆற்றில் இறக்கினார்.